காசோலையைத் தம்பி எழுதவில்லை, கணக்கில் போட்டான், அவ்வளவுதான். இது குற்றமா?

1. வாசல்படி

வணக்கம். என் தம்பிக்கு வயது 22. இணையத்தில் பழக்கமான ஒருவன், "என் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. ஒரு காசோலை அனுப்புகிறேன். உன் கணக்கில் போட்டு எடுத்துக் கொடு, பத்தில் ஒரு பங்கு உனக்கு" என்று கேட்டிருக்கிறான். காசோலையும் வந்தது. ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து எழுதப்பட்டது. பெறுபவர் இடத்தில் தம்பியின் பெயரே இருந்தது. போட்டான். பணம் கணக்கில் தெரிந்தவுடன் எடுத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் வங்கி கணக்கை முடக்கியது. காசோலை உண்மையானதுதானாம், ஆனால் தபாலில் திருடப்பட்டு, பெயரும் தொகையும் திருத்தப்பட்டதாம். இப்போது காவல்துறை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

அப்பா, "முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் தீர்ந்தது" என்கிறார். அம்மா சாப்பிடுவதையே விட்டுவிட்டார். பணத்தைக் கட்டிவிட்டால் உண்மையிலேயே தீர்ந்துவிடுமா? எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைச் சொல்ல விருப்பமில்லை, மன்னிக்கவும். பொதுவாகச் சொன்னால் போதும்.

2. முன்னாள் காசாளர்

வாசல்படி, முதலில் ஒரு தவறான நம்பிக்கையை எடுத்துவிடுகிறேன். கணக்கில் பணம் தெரிந்தால் காசோலை தேறிவிட்டது என்று பொருள் இல்லை. பல நாடுகளில் காசோலை எழுதியவரின் வங்கியிலிருந்து பணம் வந்து சேர்வதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அதை எடுக்கும் வசதி கொடுத்துவிடுகிறார்கள். அது வங்கி கொடுக்கும் முன்பணம். காசோலை திரும்பினால் அந்தத் தொகை உங்கள் தம்பியின் கடன். அவன் கையில் தங்கியது பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் முழுத்தொகைக்கும் அவனே பொறுப்பு. இந்தக் கும்பல்கள் உயிர்வாழ்வதே அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான்.

மை கழுவுதல் என்பது பழைய வித்தை. கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எழுத்தை ரசாயனத்தால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். கையெழுத்து அசல் என்பதால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகமே வராது. முப்பத்தொரு வருடப் பணியில் நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

3. எதிர்க்காற்று

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? காசோலை திரும்புவது தினசரி நடக்கும் சங்கதி. நீதிமன்றங்களில் அந்த வழக்குகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன, பலவும் சமரசத்தில்தான் முடிகின்றன. ஐக்கிய அரபு அமீரகம்கூட அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பணத்தைக் கட்டுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள்.

4. கருப்பங்கி

மேலே எழுதியவர் இரண்டு வேறு வழக்குகளை ஒரே கோப்பில் போட்டுக் கட்டியிருக்கிறார். இந்தக் குழப்பத்தை வாரம் ஒருமுறையாவது என் அலுவலகத்தில் பார்க்கிறேன்.

தன் கணக்கில் பணமில்லாமல் ஒருவர் எழுதிக் கொடுத்த காசோலை திரும்புவது ஒன்று. இந்தியாவில் அதற்கு 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. இந்தப் பிரிவு அந்தச் சட்டம் பிறந்தபோது இல்லை. 1988-இல் திருத்தம் செய்து, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கெடுக்கள் கறாரானவை. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட எழுதியவருக்கு 15 நாட்கள். கட்டாவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 15 நாட்களுக்குள் கட்டிவிட்டால் குற்றமே உருவாவதில்லை. பிறகும் எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம். "பணத்தைக் கட்டினால் தீர்ந்தது" என்ற பேச்சு ஊரில் பரவியது இங்கிருந்துதான்.

அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் நடந்த மாற்றமும் இந்த வகைக் காசோலைக்குத்தான். அங்கேயும் காசோலையைப் போலியாகச் செய்தால், காசோலை வங்கிக்கு வருமுன் வேண்டுமென்றே கணக்கை மூடினால், பணத்தை உருவிவிட்டால் இன்றும் குற்றம்தான்.

உங்கள் தம்பியின் விஷயம் மற்றது. திருட்டு, திருத்தம், ஏமாற்று. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருளைப் பெறுவதற்கு 318(4)-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. காசோலை போன்ற மதிப்புடைய ஆவணத்தைப் போலியாக்குவதற்கு 338, ஆயுள் சிறை வரை போகலாம். போலி என்று தெரிந்தே அதை அசல்போலப் பயன்படுத்துவதற்கு 340, போலியாக்கியவனுக்குக் கிடைக்கும் அதே தண்டனை. ஒரே ஒரு தாள்தான். குற்றப்பத்திரிகையில் அது மூன்று நான்கு குற்றங்களாகப் பிரிந்து நிற்கும்.

5. வாசல்படி

படிக்கும்போதே கை நடுங்குகிறது ஐயா. ஆனால் அவன் திருத்தவில்லையே? திருடவும் இல்லை. யாரோ கொடுத்ததைப் போட்டான். அவ்வளவுதானே?

6. கருப்பங்கி

ஐயா அல்ல, அம்மா. பரவாயில்லை.

340-இல் "தெரிந்தே" என்று ஒரு சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ அந்த ஆவணத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கும். தெரியாமல் போட்டான் என்றால் அவனும் ஏமாற்றப்பட்டவனே. தெரிந்து போட்டான் என்றால் பேனாவைத் தொடாவிட்டாலும் பங்காளி.

இதில் நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறும். இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டம் இன்னும் இறுக்கமானது. சொன்னது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. "பொய்யாக இருக்கக்கூடும்" என்று தெரிந்திருந்தாலே போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மையின்மையும் லாப நோக்கமும் சேர்ந்துவிட்டால், யாரும் ஏமாறாவிட்டாலும் குற்றம் முழுமை. அதிகபட்சம் 10 ஆண்டு. குற்றப் பணத்தைக் கைமாற்றியதாகத் தனி வழக்குப் போட்டால் அந்நாட்டின் 2002-ஆம் ஆண்டுக் குற்ற வருமானச் சட்டத்தில் 14 ஆண்டு வரை போகலாம்.

7. தூரதேசி

நான் இருப்பது அமெரிக்கா. இங்குள்ள கதை கொஞ்சம் வேடிக்கையானது.

1982-இல் வில்லியம்ஸ் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணமே இல்லாத கணக்குகளின் காசோலைகளை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டு, இடைப்பட்ட நாட்களில் பணம் இருப்பதுபோல் காட்டும் வித்தை. அதைச் செய்தவர் ஒரு வங்கியின் தலைவர்! வங்கியிடம் பொய்யான கூற்றைச் சொன்னதாக வழக்கு. நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? காசோலை என்பது எந்தச் செய்தியையும் "கூறுவதில்லை", ஆகவே அது பொய்க்கூற்று ஆகாது என்றது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் தப்பினார். இலக்கணப்படி சரிதான், "இவருக்கு இவ்வளவு கொடு" என்பது ஏவல் வாக்கியம், அதில் உண்மை ஏது, பொய் ஏது! பள்ளிக்கூடத் தமிழாசிரியர் மெச்சியிருப்பார்.

நாடாளுமன்றம் மெச்சவில்லை. 1984-இல் வங்கி மோசடிக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். இன்று அதன் உச்சபட்சத் தண்டனை 30 ஆண்டுச் சிறையும் பத்து லட்சம் டாலர் அபராதமும்.

இன்னொரு வழக்கு உங்கள் தம்பியின் கதைக்கு அருகில் வரும். 2014, லாஃப்ரின். வீடுகளின் தபால் பெட்டியிலிருந்து காசோலை திருடி, திருத்தி, கடையில் கொடுத்துப் பொருள் வாங்கி, அதே பொருளைத் திருப்பிக் கொடுத்து ரொக்கம் பெற்றிருக்கிறார். "நான் ஏமாற்ற நினைத்தது கடையை, வங்கியை அல்ல" என்பது அவர் வாதம். எடுபடவில்லை. பொய்யைச் சொல்லி வங்கியின் பொறுப்பில் உள்ள பணத்தைப் பெற முயன்றாலே போதும் என்று தீர்ப்பு.

2024 ஆகஸ்டில் டிக்டாக்கில் ஒரு "தந்திரம்" பரவியதே, நினைவிருக்கிறதா? ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஏடிஎம்மில் பெரிய தொகைக்குக் காசோலையைப் போட்டு, திரும்புவதற்குள் ரொக்கத்தை எடுத்துவிடுவது. இலவசப் பணம் என்று ஆடிப் பாடி வீடியோ வேறு எடுத்துப் போட்டார்கள். அக்டோபரில் வங்கி சிலர்மீது வழக்குத் தொடர்ந்தது. அவர்கள் எடுத்த வீடியோக்கள் அப்படியே இணையத்தில் இருந்தன.

8. எதிர்க்காற்று

30 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள் என்று அடுக்குகிறீர்கள். 22 வயதுப் பையனுக்கு, முதல் தவறுக்கு, எந்த நீதிபதி 30 ஆண்டு கொடுப்பார்? சட்டப் புத்தகத்தின் உச்சவரம்பைக் காட்டி ஒரு குடும்பத்தை நடுங்க வைப்பது சரியில்லை.

9. தூரதேசி

அது நியாயமான பேச்சு. ஒத்துக்கொள்கிறேன். உச்சவரம்பு என்பது மேற்கூரை, யாரும் அதில் தலை இடித்துக்கொண்டு வாழ்வதில்லை. தண்டனையை இழப்பின் அளவு, முந்தைய குற்றங்கள், கும்பலில் வகித்த இடம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். முதல் குற்றத்துக்குச் சிறையே இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் முடிவதும் உண்டு.

ஆனால் சிறை மட்டும்தான் தண்டனை என்று நினைக்காதீர்கள். குடியுரிமை இல்லாதவருக்கு இங்கே பெரிய அடி குடிவரவுச் சட்டத்திலிருந்து விழும். இழப்பு 10,000 டாலரைத் தாண்டிய மோசடிக் குற்றம் நாடு கடத்தலுக்கு வழிவிடும் கடுங்குற்றமாகக் கணக்கிடப்படுகிறது. ஒருநாள்கூடச் சிறையில் இருக்காதவருக்கும் இது பொருந்தும். சின்ன தண்டனைதானே என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, அப்புறம் விமானம் ஏற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வாசல்படி, நீங்கள் எந்த நாட்டிலோ, அங்கே தம்பி குடிமகனா என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

10. இரட்டைக்கோடு

நான் மறுகரையில் நின்றவன். சிறு தொழில் நடத்துகிறேன். என் கணக்கர் என் கையெழுத்தைப் போட்டுப் பதினோரு காசோலைகளை மாற்றியிருந்தார். வங்கியிடம் போனால், "மாதா மாதம் கணக்கறிக்கை அனுப்பினோமே, ஏன் பார்க்கவில்லை?" என்று என்னையே கேட்டார்கள். கணக்கர்மீது வழக்கு நடந்தது ஒரு பக்கம். என் பணம் யாரிடமிருந்து வரும் என்ற இன்னொரு வழக்கு அதைவிட நீளமாகப் போனது. "அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அந்த நிறுவனத்தில் யாரோ ஒருவர் இப்போது என்னைப்போல வங்கி வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

11. வாசல்படி

மன்னிக்க வேண்டும். அந்தப் பக்கம் இருந்து யோசிக்கவே இல்லை.

12. முன்னாள் காசாளர்

இரட்டைக்கோடு சொன்னது தனி இழையே போடத் தகுந்த சங்கதி. இருந்தாலும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கள்ளக் கையெழுத்துப் போட்ட காசோலை சட்டத்தின் கண்ணில் வெறும் தாள். அதற்குப் பணம் கொடுத்தால் வங்கி தன் பணத்தைக் கொடுத்ததாகத்தான் கணக்கு. ஆனால் வாடிக்கையாளரின் அலட்சியம் குறுக்கே வந்துவிடும். லண்டனில் 1918-இல் தீர்ந்த மேக்மில்லன் வழக்கில் ஒரு குமாஸ்தா சில்லறைச் செலவுக்கு என்று 2 பவுண்டு காசோலையை நீட்டினான். முதலாளி அவசரத்தில் கையெழுத்திட்டார். எழுத்தால் எழுதும் இடம் காலி. இரண்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் சுழியம். 120 பவுண்டோடு ஆள் மறைந்துவிட்டான். இடம் விட்டு எழுதியது முதலாளியின் குற்றம், நட்டம் அவருக்கே என்றது அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. காசோலையில் கோடு இழுத்து நிரப்புங்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான்.

1933-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள கிரீன்வுட் வழக்கு இன்னும் சோகமானது. மனைவி கணவனின் கையெழுத்தைப் போட்டே பணம் எடுத்து வந்தார். கணவருக்குத் தெரிந்துவிட்டது. மனைவி கெஞ்சியதால் வங்கியிடம் சொல்லாமல் மாதக்கணக்கில் இருந்துவிட்டார். பிறகு மனைவி சொன்ன காரணமும் பொய் என்று தெரிந்து, வங்கிக்குப் போகிறேன் என்றார். அந்த அம்மாள் தற்கொலை செய்துகொண்டார். கணவர் வங்கிமீது தொடுத்த வழக்கு தோற்றது. தெரிந்தும் பேசாமல் இருந்தாய், அதனால் அந்த அம்மாள்மீது வழக்குப் போடும் வாய்ப்பை வங்கி இழந்தது, இனி நீ கேட்க முடியாது என்றார்கள். சட்டத்தில் இதற்கு முரண்தடை என்று பெயர்.

நம் பக்கம் 1987-இல் கனரா வங்கி வழக்கு. ஒரு நிறுவனத்தின் கணக்கர் 42 காசோலைகளில் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தார். கணக்கறிக்கையைச் சரிபார்க்கவில்லை என்பதற்காக மட்டும் வாடிக்கையாளர் உரிமையை இழக்க மாட்டார், நட்டம் வங்கிக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இரட்டைக்கோடு, உங்களிடம் பேசிய அதிகாரிக்கு யாராவது இதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

13. தூரதேசி

அந்தத் தீர்ப்பை இங்கே எடுத்து வந்தால் செல்லாது! அமெரிக்காவில் கணக்கறிக்கை வந்து ஓர் ஆண்டுக்குள் கள்ளக் கையெழுத்தைச் சுட்டிக்காட்டாவிட்டால் வங்கியிடம் கேட்கும் உரிமையே போய்விடும். அதே ஆள் தொடர்ந்து செய்தால் கெடு இன்னும் குறுகும்.

14. எதிர்க்காற்று

சரி, என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். திரும்பிய காசோலையும் இதுவும் வேறு என்பது புரிந்தது. ஆனால் பணத்தைக் கட்டுவதால் துளிகூடப் பயன் இல்லையா? அந்த அப்பாவுக்கு என்ன சொல்வது?

15. கருப்பங்கி

பயன் உண்டு, அவர் நினைக்கும் இடத்தில் இல்லை. ஏமாற்றி எடுத்த கணத்தில் குற்றம் முடிந்துவிட்டது. பிறகு கட்டுவது அதை அழிக்காது. ஜாமீன் கேட்கும்போதும், தண்டனை அளவைத் தீர்மானிக்கும்போதும் நிச்சயம் கைகொடுக்கும். இந்தியாவில் ஏமாற்றுக் குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால், நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். போலி ஆவணக் குற்றத்துக்கு அந்தக் கதவு கிடையாது. இரண்டும் சேர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அதைவிட முக்கியம், யாரிடம், என்ன சொல்லிக் கட்டுகிறீர்கள் என்பது. "என் மகன் செய்த மோசடிக்காக" என்று ஒரு வரி எழுதி வங்கியில் நீட்டினால், அதுவே வழக்கில் முதல் சான்றாக வந்து உட்காரும். வழக்கறிஞர் வழியாகக் கட்டுங்கள், எழுத்தை அவர் பார்க்கட்டும்.

"தெரிந்தே" என்பதை எப்படி நிரூபிப்பார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். மனதைத் திறந்து பார்க்க முடியாது, கைப்பேசியைத் திறக்கலாம். தம்பி எவ்வளவு வேகமாகப் பணத்தை எடுத்தான், எத்தனை இடங்களில் பிரித்து எடுத்தான், ஒரு காசோலையைப் போடுவதற்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு ஏன் என்று கேட்டானா, அந்த நிறுவனம் தனக்கு ஏன் பணம் தர வேண்டும் என்று யோசித்தானா. கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொண்டவனுக்குத் "தெரியாது" என்பது பல நீதிமன்றங்களில் பதிலாகாது.

ஆகவே அந்தக் கைப்பேசியில் ஒரு செய்தியைக்கூட அழிக்க வேண்டாம். சாதகமானதும் அதில்தான் இருக்கும். அழிப்பது தனிக் குற்றம். இந்தியாவில் சன்ஹிதாவின் 241, 3 ஆண்டு வரை. அமெரிக்காவில் கூட்டாட்சி விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை. மூலக் குற்றத்தை நிரூபிக்க முடியாமல் போய், அழித்ததற்காக மட்டும் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

விசாரணைக்கு அவனைத் தனியாக அனுப்பாதீர்கள்.

16. இரட்டைக்கோடு

வாசல்படி, நான் கடுமையாக எழுதிவிட்டேன். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

17. வாசல்படி

எல்லோருக்கும் நன்றி. இன்று வழக்கறிஞரைப் பார்த்தோம். கருப்பங்கி அம்மா சொன்னதையே அவரும் முதலில் கேட்டார்: கைப்பேசி எங்கே? தம்பி கொடுத்தான். நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை. அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியாகப் படித்தோம். முதல் நாள் முழுவதும் அந்த ஆள் கெஞ்சுகிறான், தம்பி முடியாது என்கிறான். வாசிக்க வாசிக்க எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் இரவு 11.40-க்கு தம்பி அனுப்பிய ஒரு செய்தி வந்தது. "பேங்கில் கேட்டால் என்ன சொல்வது?"

வழக்கறிஞர் அங்கே நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதுவும் சொல்லவில்லை. இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய

18. வாசல்படி

பாதியில் போய்விட்டது. அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய சிக்கல் என்று யாராவது சொல்ல முடியுமா? அதற்கு அந்த ஆள் அனுப்பிய பதிலையும் இங்கே போடுகிறேன்,

19. கருப்பங்கி

போடாதீர்கள். 17-ஆம் பதிவையும் நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. இந்த இழை யார் வேண்டுமானாலும் படிக்கும் இடம். வழக்கறிஞரோடு மூடிய அறையில் பேசியதற்கு உள்ள பாதுகாப்பு இங்கே எழுதியதற்கு இல்லை. இதைப் படித்ததும் உங்கள் வழக்கறிஞரை அழைத்து, இங்கே எழுதிவிட்டேன் என்று சொல்லுங்கள். நீங்களாக எதையும் நீக்க வேண்டாம், அதையும் அவரிடமே கேளுங்கள்.

நெறியாளருக்கு: இழையை அழிக்காமல், புதிய பதில்கள் வராதபடி மட்டும் பூட்ட முடியுமா?

20. நெறியாளர்

பூட்டப்பட்டது.